மெக்காய் அரங்கின் சொந்தக்காரர்கள்

ஆலை ஊர்களும் ஆட்டக் களங்களும் – 7

1976ஆம் ஆண்டு முடியும்போது, பட்டக்கெட் ஊருக்கு ஒரு பேஸ்பால் அணி இருக்கிறதா இல்லையா என்று கேட்டால் அடித்துச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆண்டுதான் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, மாநிலத்தின் பெயரால் ‘ரோட் ஐலண்ட் ரெட் சாக்ஸ்’ என்று அணிக்குப் புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். பெயர் மாறியும் வசூல் ஏறவில்லை. கடன் கழுத்தை நெரித்து, அணி திவாலானது. 1946இல் ‘ஸ்லேட்டர்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது, 1949இல் லீக்கே கலைந்துபோனது, 1966இல் கிளீவ்லாந்தின் இளைஞர்கள் வந்து இரண்டு பருவம் ஆடிவிட்டுப் போனது, 1970இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் இளநிலை அணி வந்து சேர்ந்தது என்று முந்தைய பகுதிகளில் பார்த்தோம். 1973இல் மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள்-ஏ அணியே லூயிவில் நகரத்திலிருந்து இங்கே குடிவந்தது. வந்த வருடமே இன்டர்நேஷனல் லீக்கின் கவர்னர்ஸ் கோப்பையை வென்றது. அப்படிப்பட்ட அணிக்கு மூன்றே ஆண்டில் இந்தக் கதி.

தொடரில் இந்த இடத்தில் சேர்ந்துகொள்ளும் வாசகர்களுக்காக மைனர் லீக்கின் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒவ்வொரு மேஜர் லீக் அணிக்கும் கீழே படிப்படியாகச் சில அணிகள் உண்டு. நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படி. பதினெட்டு வயதுப் பையனைக் கீழ்ப் படியில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் ஆடவைத்து, தேறுகிறவனைப் பறித்து மேலே நடுவார்கள். தேறாதவன் அங்கேயே நின்றுவிடுவான், அல்லது ஊர் திரும்புவான். பட்டக்கெட்டிலிருந்து பாஸ்டன் சுமார் 65 கிலோமீட்டர். மத்தியானம் இங்கே மூட்டை கட்டுகிறவன் சாயங்காலம் பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் களமிறங்கிவிடலாம். இந்த அருகாமைக்காகவே பாஸ்டன் பட்டக்கெட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டில் உள்ளூர் உரிமையாளருக்கு என்னதான் சொந்தம்? ஆட்டக்காரர்கள் அவருடையவர்கள் அல்ல. அவர்களுக்குச் சம்பளம் தருவது பாஸ்டன். யார் ஆடுவது, யார் மேலே போவது என்று முடிவு செய்வதும் பாஸ்டன். மேனேஜரையும் பயிற்சியாளர்களையும் அனுப்புவதும் அவர்கள்தான். அரங்கம் நகராட்சியுடையது. டிக்கெட் வசூல், தின்பண்டக் கடை வருமானம், மைதானச் சுவரில் விளம்பரம் எழுத வாங்கும் பணம் ஆகியவை மட்டும் உரிமையாளருக்கு. இவற்றோடு கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் அவர் கையில் இருந்தது: லீக்கில் ஓர் இடம், அதாவது ‘ஃபிரான்சைஸ்’ என்கிற உரிமம். 1977இல் அந்த உரிமத்தை வாங்கக் கெஞ்சி ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதற்கு இரண்டு மாநிலங்கள் போட்டி போட்டன. பட்டக்கெட் அணியின் வாழ்வும் முடிவும் இந்த ஒரு காகிதத்தில்தான் இருந்தது என்பது என் துணிபு. ஊர்க்காரர்கள் அதைக் கடைசியில்தான் உணர்ந்தார்கள்.

பென் மாண்டோர் கியூபெக்கில் பிறந்தவர். பிளாக்ஸ்டோன் ஆற்றங்கரை ஆலைகளில் வேலை தேடி, பிரெஞ்சு பேசும் கனடாக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி வந்த கதையை மூன்றாம் பகுதியில் விரிவாகச் சொன்னேன். மாண்டோரின் குடும்பமும் அப்படி வந்து வூன்சாக்கெட்டில் தங்கியது. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டு வந்தவர், நொடித்துப்போன ஜவுளி ஆலைகளை மலிவாக வாங்கி, ஓடவைத்து விற்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். போருக்குப் பிறகு நியூ இங்கிலாந்தின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெற்கு மாநிலங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நொடித்த ஆலைக்குப் பஞ்சமே இல்லை. ஐம்பது வயதுக்குள் போதிய பணம் சேர்த்துக்கொண்டு தொழிலிலிருந்து ஓய்வும் பெற்றுவிட்டார்.

அவரைத் தேடி வந்தவர் செட் நிக்கல்ஸ். பட்டக்கெட் மண்ணின் மைந்தர். பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் பந்து வீசியவர். பிறகு வங்கியில் வேலை பார்த்தவர். திவாலான அணியை எடுத்து நடத்த மாண்டோரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. நொடித்த ஆலையைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவருக்கு நொடித்த அணியும் கைவரும் என்ற கணக்கு. 1977 ஜனவரியில் மாண்டோர் பொறுப்பேற்றார். ஊர்ப் பெயர் அணிக்குத் திரும்ப வந்தது. பேச்சு வழக்கில் அது ‘பாசாக்ஸ்’ ஆயிற்று.

முதல் பருவத்தில் அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் வருடம் முழுக்க அரங்குக்கு வந்தவர்கள் 70 ஆயிரம் பேர்தான். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மாண்டோர் அசரவில்லை. மைக் டம்புரோ என்ற இளைஞரைப் பொது மேலாளராக அமர்த்திக்கொண்டார். அடுத்த முப்பது சொச்சம் ஆண்டுகள் இருவரும் பிரியவில்லை. அரங்கைக் கழுவிப் பெயின்ட் அடித்தார்கள். குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்களை வெளியே அனுப்பினார்கள். ஆலைத் தொழிலாளி மனைவி, பிள்ளைகளோடு வந்தால் கையைக் கடிக்காத விலையில் டிக்கெட்டை வைத்தார்கள். கேட்பதற்கு எளிய காரியங்கள்தான். பட்டக்கெட்டில் அதற்கு முன் அவற்றைச் செய்ய யாரும் முன்வரவில்லை என்பதே மாண்டோரின் பெருமை.

மெக்காய் அரங்கமும் ஒரு விசித்திரமான கட்டடம். மேயர் தாமஸ் மெக்காய் பிடிவாதமாக ஒரு குட்டையைத் தூர்த்து அதன் மேல் கட்டவைத்த கதையும், சதுப்பு நிலம் பணத்தை விழுங்கிய கதையும் நினைவிருக்கும். 1942இல் திறந்த அந்த அரங்கில் ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட், பார்வையாளர் இருக்கைகளுக்கு நேர் கீழே, தரை மட்டத்தில் அமைந்துவிட்டது. மற்ற அரங்குகளில் பையன்கள் டக்அவுட் ஓரமாக ஓடிப்போய்க் கையெழுத்துக் கேட்பார்கள். இங்கே ஆட்டக்காரர் காலடிக்குக் கீழே இருக்கிறார், முகம் தெரியாது. பிள்ளைகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பிளாஸ்டிக் பால் கேனின் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே பந்தையும் பேனாவையும் போட்டு, கயிறு கட்டி மேலேயிருந்து இறக்குவார்கள். கீழே ஒரு கை நீண்டு பந்தை எடுக்கும். கையெழுத்திட்டுத் திரும்பப் போடும். கயிறு அசைந்தால் மேலே இழுக்க வேண்டியதுதான். சில பிள்ளைகள் கேனின் மேல் தங்களுக்குப் பிடித்த ஆட்டக்காரரின் பெயரை எழுதியிருப்பார்கள். அந்த ஊரில் இதற்குப் பெயர் மீன்பிடித்தல். வேட் பாக்ஸ், ரோஜர் கிளெமன்ஸ், மூக்கி பெட்ஸ் என்று பின்னாளில் பெரும் புகழடைந்தவர்கள் பலர் அந்த டக்அவுட்டில் உட்கார்ந்தவர்கள்தான்.

மாண்டோர் வந்த ஐந்தாவது பருவத்தில் அந்த ஆட்டம் நடந்தது.

1981 ஏப்ரல் 18, சனிக்கிழமை. மறுநாள் ஈஸ்டர். எதிரணி நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் ரெட் விங்ஸ். விளக்குகள் கோளாறு செய்ததால் ஆட்டம் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது. அரங்கில் 1,740 பேர். ஏப்ரல் என்றாலும் அந்தப் பகுதியில் இரவுக் குளிர் எலும்பைத் துளைக்கும். அன்றைக்குக் காற்றும் மைதானத்தின் வெளிப்புறத்திலிருந்து பேட்டரை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. தூக்கி அடித்த பந்தெல்லாம் காற்றில் சிக்கித் திரும்பி விழுந்தது.

பேஸ்பாலில் சமநிலை என்று ஆட்டத்தை முடிக்க மாட்டார்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ரன்கள் சமமென்றால் பத்தாவது, பதினொன்றாவது என்று யாராவது முந்தும்வரை ஆட வேண்டும். அன்று ஏழாவது இன்னிங்ஸில் ராசெஸ்டர் ஒரு ரன் எடுத்தது. ஒன்பதாவதின் கடைசியில் பட்டக்கெட் ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தது. அதற்குப் பிறகு பதினொரு இன்னிங்ஸ் ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. 21ஆவது இன்னிங்ஸில் ராசெஸ்டர் முந்தியது. அப்பாடா, வீட்டுக்குப் போகலாம் என்று எல்லாரும் நினைத்திருக்கும் நேரத்தில், வேட் பாக்ஸ் அடித்த டபுள் மறுபடி சமமாக்கிவிட்டது. 2–2.

நள்ளிரவு 12.50க்கு மேல் புது இன்னிங்ஸ் தொடங்கக் கூடாது என்று லீக்கில் விதி இருந்தது. அந்த ஆண்டு அம்பயர்களுக்குக் கொடுத்த கையேட்டில் மட்டும் அந்த வரி விடுபட்டிருந்தது. அச்சில் இல்லாத விதிக்கு நாங்கள் கட்டுப்பட முடியாது என்று அம்பயர்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். லீக் தலைவர் ஹரால்ட் கூப்பருக்குத் தொலைபேசியில் அழைப்பு மேல் அழைப்பு போனது. அவர் கிடைக்கவில்லை.

22ஆவது இன்னிங்ஸில் பட்டக்கெட் மேனேஜர் ஜோ மார்கன் அம்பயரோடு வாதாடியதற்காக வெளியே அனுப்பப்பட்டார். அவர் வீட்டுக்குப் போகவில்லை. பேட்டருக்குப் பின்னால் இருந்த தடுப்பின் ஒரு துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்த்தார். மார்கனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரிபிள்-ஏ மேனேஜர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல், குளிர்காலத்தில் மாசசூசெட்ஸ் நெடுஞ்சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். 1988இல் பாஸ்டன் அணியின் மேனேஜராகவே உயர்ந்தார்.

26ஆவது இன்னிங்ஸில் சாம் போவன் அடித்த பந்து சுவரைத் தாண்டிவிட்டது போலவே இருந்தது. காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து பீல்டர் கையில் போட்டது. டக்அவுட்டில் உடைந்த பேட்டுகளையும் கிடைத்த கட்டைகளையும் இரும்புப் பீப்பாயில் போட்டு எரித்துக் குளிர்காய்ந்தார்கள். பந்துவீச்சாளர் லூயிஸ் அபோன்டே தன் பங்கை வீசி முடித்துவிட்டு அதிகாலையில் வீட்டுக்குப் போனார். இத்தனை நேரம் எங்கே போயிருந்தாய் என்று மனைவி கேட்க, மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தேன் என்றார். அவர் நம்பவில்லை. ஞாயிறு காலைப் பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், இரவில் அச்சுக்குப் போன பத்திரிகையில் முடியாத ஆட்டத்தின் செய்தி எப்படி இருக்கும்? ராசெஸ்டரின் ஜிம் உம்பார்கர் பத்து இன்னிங்ஸ் பந்து வீசி ஒரு ரன்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அதே அணியின் டல்லஸ் வில்லியம்ஸ் பதின்மூன்று முறை பேட் செய்து ஒரு ஹிட்கூட அடிக்கவில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டும் நடந்தன.

கூப்பர் தொலைபேசியில் கிடைத்தபோது விடியற்காலை மூன்று மணியைத் தாண்டிவிட்டது. செய்தி கேட்டு அதிர்ந்தவர், ஓடிக்கொண்டிருக்கும் இன்னிங்ஸ் முடிந்ததும் நிறுத்தச் சொன்னார். 4.07க்கு, 32ஆவது இன்னிங்ஸ் முடிவில், ஆட்டம் நின்றது. அரங்கில் மிஞ்சியிருந்த பார்வையாளர்கள் 19 பேர். அந்த 19 பேருக்கும் இனி வரும் ஆட்டங்களைப் பார்க்க இலவச அனுமதிச் சீட்டு வழங்கியது அணி நிர்வாகம். ஆட்டக்காரர்கள் வெளியே வந்தபோது ஈஸ்டர் காலை விடிந்துகொண்டிருந்தது. அன்று பகலில் அவர்களுக்கு அடுத்த ஆட்டம் வேறு இருந்தது.

மிச்சம் நடந்தது ஜூன் 23ஆம் தேதி, ராசெஸ்டர் மறுபடி பட்டக்கெட்டுக்கு வந்தபோது. அதற்கிடையில் மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் ஜூன் 12 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். நாடு முழுக்க எழுத ஆட்டமில்லாமல் தவித்த நிருபர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் இந்தச் சின்ன ஊருக்குத் திரண்டு வந்தார்கள். அரங்கில் 5,746 பேர். ஆட்டம் நீடித்ததோ 18 நிமிடம். 33ஆவது இன்னிங்ஸின் பின்பாதியில் மார்ட்டி பாரெட் உடம்பில் பந்து பட்டு முதல் பேஸுக்குப் போனார். அடுத்தவர் ஹிட் அடித்தார், அதற்கடுத்தவரை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். மூன்று பேஸிலும் ஆள் நிற்க, டேவ் கோசா இடப்புறம் தட்டிவிட்ட பந்தில் பாரெட் ஓடிவந்து சேர்ந்தார். 3–2. மொத்தம் எட்டு மணி 25 நிமிடம். தொழில்முறை பேஸ்பாலில் இதைவிட நீண்ட ஆட்டம் இன்றுவரை நடக்கவில்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அன்று மூன்றாவது பேஸில் எதிரெதிராக ஆடிய இருவரைத் தவறாமல் குறிப்பிடுவார்கள்: பட்டக்கெட்டின் வேட் பாக்ஸ், ராசெஸ்டரின் கால் ரிப்கென். முன்னவருக்கு வயது 22, பின்னவருக்கு 20. இருவருமே பிற்காலத்தில் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். எனக்கோ கோசாதான் முக்கியமானவர். வயோமிங் மாநிலத்திலிருந்து வந்தவர். 26 வயது. அந்த நீண்ட ஆட்டத்தில் ஐந்து ஹிட் அடித்தவர், கடைசி அடியும் அவருடையது. ஆனால் மேஜர் லீக்கில் ஒரே ஓர் ஆட்டம்கூட ஆட அவருக்கு வாய்க்கவில்லை. டிரிபிள்-ஏ அரங்குகளை நிரப்பிய ஆட்டக்காரர்களில் பெரும்பகுதியினர் கோசாவைப் போன்றவர்கள். ஒரு படி மட்டும் மிச்சம் என்று நம்பிக் குடும்பத்தோடு வாடகை வீட்டில் வருடங்களைக் கழித்தவர்கள். பாஸ்டனுக்கு அவர்கள் கணக்கில் வராத பெயர்கள். பட்டக்கெட்காரர்களுக்கு அவர்கள்தான் ‘நம்ம பசங்க’. மேலே போய்விட்டவர்களை ஊர் பெருமையோடு நினைத்துக்கொண்டது, தங்கிவிட்டவர்களோடு வாழ்ந்தது.

அன்று தோற்ற ராசெஸ்டரைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்டக்கெட்டின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள அதுதான் சாவி. 1956 வரை ராசெஸ்டர் அணியும் அரங்கமும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குச் சொந்தமாக இருந்தன. கார்டினல்ஸ் கைகழுவ முடிவு செய்தபோது, மாரி சில்வர் என்ற உள்ளூர் வணிகர் ஊரைக் கூட்டினார். பங்கு ஒன்று 10 டாலர் என்று விற்றார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினார்கள். 1957 முதல் அணியின் உரிமம் அந்தப் பங்குதாரர்களின் நிறுவனத்துக்குச் சொந்தம். அதன்பின் தாய் அணி மூன்று முறை மாறிவிட்டது: கார்டினல்ஸ் போய் பால்டிமோர், பிறகு மினசோட்டா, இப்போது வாஷிங்டன். 1997இல் புது அரங்கத்துக்கும் மாறினார்கள். ஆனால் அணி ஊரை விட்டுப் போகவில்லை. போக வேண்டுமென்றால் ராசெஸ்டர்காரர்களே கூடித் தங்கள் அணியை விற்க வேண்டும்.

பட்டக்கெட்டில் அப்படி ஓர் எண்ணம் யாருக்கும் எழவில்லை. எழ வேண்டிய அவசியம் இல்லாமல் மாண்டோர் பார்த்துக்கொண்டார். நல்ல உரிமையாளர் இருக்கும்போது உரிமத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

அடுத்த முப்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் நன்றாக நடக்கும் காரியத்தில் சொல்வதற்குக் குறைவாகவே இருக்கும். 1984இல் மறுபடி கவர்னர்ஸ் கோப்பை. 1999இல் அரங்கத்தை விரிவாக்கி 10 ஆயிரம் பேர் உட்காரும்படி செய்தார்கள். 2000இல் டொமொகாசு ஓகாவும் 2003இல் பிரான்சன் அரோயோவும், எதிரணியில் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல், ‘பெர்ஃபெக்ட் கேம்’ வீசினார்கள். 2005இல் ஒரே பருவத்தில் 6 லட்சத்து 88 ஆயிரம் பேர் வந்தார்கள். 1977இல் வந்த கூட்டத்தைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. அத்தனைக்கும் அந்த நகரத்தின் மக்கள்தொகை அப்போது முக்கால் லட்சத்தைத் தாண்டவில்லை.

2010 அக்டோபரில் பென் மாண்டோர் காலமானார், வயது 85. அரங்கத்தின் முகவரியில் இருந்த தெரு அவர் பெயர் பெற்றது. அணி அவர் மனைவி மேடலினிடமும் டம்புரோ உள்ளிட்ட பழைய கூட்டாளிகளிடமும் இருந்தது. 2012, 2014 இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை வந்தது. கூட்டம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 2015 பிப்ரவரியில் விற்பனை அறிவிப்பு வந்தது. வாங்கியவர்கள், பாஸ்டன் ரெட் சாக்ஸின் தலைவர் லாரி லூக்கினோவும் ரோட் ஐலண்ட் வழக்கறிஞர் ஜேம்ஸ் ஸ்கெஃபிங்டனும் தலைமை தாங்கிய முதலீட்டாளர் குழு.

புதியவர்கள் தங்கள் எண்ணத்தை ஒளிக்கவில்லை. மெக்காய் பழசாகிவிட்டது, மாநிலத் தலைநகர் பிராவிடன்ஸில் ஆற்றங்கரையில் புது அரங்கம் கட்ட வேண்டும், அதற்கு அரசாங்கம் பணம் தர வேண்டும் என்றார்கள். ஊர் கொதித்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2010இல் ரோட் ஐலண்ட் அரசு, பாஸ்டனின் முன்னாள் பந்துவீச்சாளர் கர்ட் ஷில்லிங் நடத்திய ‘38 ஸ்டுடியோஸ்’ என்ற வீடியோ கேம் நிறுவனத்துக்கு ஏழரைக் கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. இரண்டே ஆண்டில் நிறுவனம் திவால். கடன் மக்கள் தலையில் விழுந்தது. அந்தக் காயம் ஆறாத நேரத்தில் இன்னொரு பேஸ்பால் பெயரைச் சொல்லிக்கொண்டு இன்னொரு குழு பணம் கேட்டால் யார் சம்மதிப்பார்கள்? அதே ஆண்டு மே மாதம் ஸ்கெஃபிங்டன் திடீரென இறந்துபோனார். செப்டம்பரில் பிராவிடன்ஸ் திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு பட்டக்கெட்டிலேயே, ஸ்லேட்டர் ஆலைக்குப் பக்கத்தில் கட்டலாம் என்று இன்னொரு திட்டம் வந்தது. மொத்தச் செலவு 8 கோடியே 30 லட்சம் டாலர். அணி நாலரைக் கோடி, மாநிலம் 2 கோடியே 30 லட்சம், நகரம் ஒன்றரைக் கோடி என்று பங்கு பிரித்தார்கள். மேயர் டொனால்ட் கிரெபியன் இதற்காக ஓடியாடி உழைத்தார். 2018 ஜனவரியில் மாநில செனட் ஒப்புக்கொண்டது. கீழவை, சபாநாயகர் நிக்கலஸ் மட்டியெல்லோவின் தலைமையில், மாதக்கணக்கில் இழுத்தது. ஜூனில் கடைசியாக நிறைவேற்றியபோது மாநிலத்தின் ஜாமீனை எடுத்துவிட்டிருந்தது. கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் முதலீட்டாளருக்கு, மக்களுக்கு இல்லை. அதனால் வட்டி கூடும், செலவும் ஏறும்.

அந்தக் கீழவையைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 38 ஸ்டுடியோஸ் கடனைக் கட்டிக்கொண்டிருந்த மக்களிடம் மறுபடி ஜாமீன் கேட்பதற்குத் துணிவு மட்டும் போதாது. லூக்கினோ குழுவையும் கொள்ளைக்காரர்கள் என்று நான் எழுத மாட்டேன். விலை கொடுத்து வாங்கியவர்கள், லாபம் எங்கே வரும் என்று பார்த்தார்கள். தவறு அதற்கு வெகு முன்னாலேயே நடந்துவிட்டது. அணி உச்சத்தில் இருந்த காலத்தில், மாண்டோர் உயிரோடு இருந்தபோதே, ராசெஸ்டரைப் போல உரிமத்தை ஊரின் பெயருக்கு மாற்ற நகராட்சியோ மாநிலமோ ஊர்ப் பெரியவர்களோ முயன்றிருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் ஊருக்காக அணியை நடத்திய மனிதர் அதற்குக் காதுகொடுக்காமல் இருந்திருப்பாரா? அந்த வாய்ப்பை நழுவவிட்டதுதான் இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்தும் இடம்.

2018 ஆகஸ்ட் 17 அன்று, அணி மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரத்துக்குப் போகிறது என்று அறிவித்தார்கள். வூஸ்டரும் ஆலை ஊர்தான். பிளாக்ஸ்டோன் ஆறு அங்கே தொடங்கிப் பட்டக்கெட் வரை ஓடிவருகிறது. ஒரே ஆற்றின் கீழ்முனையிலிருந்து தலைப்புக்கு அணி இடம்பெயர்ந்தது.

இன்னும் இரண்டு பருவம் மெக்காயில் ஆடிவிட்டு, 2020 இறுதியில் ஊரோடு முறையாக விடைபெறுவதாக ஏற்பாடு. 2020இல் கொரோனா வந்தது. ஜூன் 30 அன்று மைனர் லீக் பருவம் முழுவதும் ரத்து என்று அறிவித்தார்கள். 2019 செப்டம்பரில் வழக்கம்போல் ஒரு பருவ முடிவு என்று நினைத்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போன ஜனங்களுக்கு, தாங்கள் பார்த்தது கடைசி ஆட்டம் என்று அப்போது தெரியாது. கோடையில் பாஸ்டன் தன் மாற்று ஆட்டக்காரர்களை மெக்காயில் வைத்துப் பயிற்சி கொடுத்தது, பார்வையாளர் இல்லாமல். அரங்கத்தில் மேசை போட்டுச் சாப்பாடும் பரிமாறினார்கள். முன்பதிவு செய்துகொண்டு குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், ஆட்டக்காரர்கள் மட்டுமே மிதித்த புல்தரையில் உட்கார்ந்து இரவு உணவு சாப்பிட்டார்கள். ஊருக்குக் கிடைத்த விடைபெறல் அவ்வளவுதான்.

2021 மே மாதம் வூஸ்டரில் ‘போலார் பார்க்’ திறந்தது. செலவு 15 கோடி டாலரைத் தாண்டிவிட்டது, பட்டக்கெட் திட்டத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே ஆண்டு மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்து, 160 அணிகளை 120ஆகக் குறைத்தது. நாற்பது ஊர்கள் தங்கள் இடத்தை இழந்தன. ஆக, ஓர் ஊர் தன் அணியை இழக்க உரிமையாளர் விற்கவேண்டும் என்பதுகூட இப்போது கட்டாயமில்லை.

மெக்காய் நிலத்தில் புது உயர்நிலைப் பள்ளி கட்டுவதற்கு 2022இல் பட்டக்கெட் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். 2025இல் இடிப்பு வேலை நடந்தது. அதே 2025 மே மாதம், ஊரின் இன்னொரு பக்கத்தில், ஆற்றங்கரையில், மாநிலமும் நகரமும் கடன் பத்திரம் வெளியிட்டு உதவிய பணத்தோடு ஒரு புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அது கால்பந்துக்கு. ‘ரோட் ஐலண்ட் எஃப்.சி.’ என்ற அணி அங்கே ஆடுகிறது. அந்த அணியும் தனியார் முதலீட்டாளர்களுடையது.

வூஸ்டர் எப்படி இந்த அணியைத் தன் பக்கம் இழுத்தது, அரங்கத்துக்கு வாங்கிய கடனை அந்த நகரம் எந்த வருமானத்திலிருந்து அடைக்கிறது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)